நெலு பூத்த ஆண்டுகள்

பங்குனி, சித்திரையில் இடியோடு இறங்கும் பிற்பகல் மழையும், ஆடி, ஆவணியில் மலை கடந்து வந்து ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் வறண்ட காற்றும் என, பதுளைப் பிரதேசத்தின் ருதுக்கள் மழையாலும் காற்றாலுமே அறியப்படுபவை. ஆயினும் பூவால் அறியப்படும் ஆண்டுகளும் உண்டு.

1893இல் இருப்புப்பாதை அப்புத்தளையை எட்டிய பின்னர், ஒஹியா நிலையத்தில் இறங்கி, தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் பெயரைத் தாங்கிய சமவெளிக்கு ஏறுவது எளிதாயிற்று. ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள அவ்விடத்திற்குத் துரைமார் வேட்டையை நாடியும் குளிர்ச்சியை நாடியும் சென்றனர். ஆயினும் அங்குள்ள பெரும் விசேஷம் நெலுவின் மலர்ச்சியேயாகும்.

நீலகிரிக் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த இச்செடிகள், கணுக்கள் புடைத்த தண்டுகளோடு கானகத்தின் அடியில் ஆண்டுக்கணக்கில் பசுமையாகவே நின்று, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே ஊதாவும் வெண்மையுமாய்ப் பூத்து, காய் வெடித்து விதை சிதறியபின் மடிந்துவிடுகின்றன. பூத்த காலத்தில் தேனீக்களும், விதை உதிர்ந்த காலத்தில் காட்டுக்கோழிகளும் திரளாக வந்து சேரும். 2013இல் அவ்வாறு பூத்தபோது ஜனங்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று கண்டனர்.

ஒரு நாள் வேலை தவறினால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, விழாத தோட்டத் தொழிலாளர்களுக்கு அத்தகைய உல்லாசப் பயணம் எட்டாக்கனி. ஆனால் வசந்தத்தை அவர்கள் மறந்தவர்களல்லர். மாசி வளர்பிறையில் லயத்து முன்றிலில் காமன் கம்பம் ஊன்றி, மலர்க்கணையானின் தகனத்தையும் ரதியின் புலம்பலையும் விடிய விடிய ஆடிக் களித்தார்கள். வசந்தத்தின் அதிதேவதைக்கு இத்துணை மரியாதை செய்தவர்கள் இந்நாட்டில் வேறு யாருமிலர் என்பேன்.

1988இல் தேசிய வனமாக அறிவிக்கப்பட்ட அச்சமவெளியில் இன்று பூக்கொய்தல் குற்றம், அது நியாயமே. அங்குள்ள பெருமரங்கள் சில தசாப்தங்களாக நுனியிலிருந்து பட்டுப்போவதும் கவலைக்குரியது. ருதுக்கள் பிறழ்கின்றன என்று வாயால் சொல்வதோடு நில்லாமல், எந்த ஆண்டு, எந்த மாதத்தில், எந்தச் செடி பூத்தது என்பதை ஒஹியா, அப்புத்தளைத் தோட்டங்களின் முதியவர்களிடம் கேட்டு எழுதி வைக்குமாறு அங்குள்ள ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்.