க்னோம் 3 இடைமுக மாற்றமும் லினக்ஸ் பயனர்களின் எதிர்ப்பும்

க்னோம் 3 என்பது லினக்ஸ் கணினிகளில் பயன்படும் க்னோம் பணிச்சூழலின் மூன்றாம் தலைமுறைப் பதிப்பாகும். இது 2011 ஏப்ரல் 6 அன்று வெளியானது. பயனர்கள் பல ஆண்டுகளாகப் பழகியிருந்த திரை அமைப்பை இப்பதிப்பு முற்றிலும் மாற்றியது. அதே மாதம் 28 அன்று வெளிவந்த உபுண்டு 11.04, யூனிட்டி என்னும் மற்றொரு புதிய இடைமுகத்தை இயல்பிருப்பாகக் கொண்டிருந்தது. ஒரே மாதத்தில் நேர்ந்த இவ்விரு மாற்றங்களும் பயனர்களிடையே பெரும் அதிருப்தியை ஏற்படுத்தின. அந்த அதிருப்தியிலிருந்தே மாத்தே, சின்னமன் ஆகிய பணிச்சூழல்கள் தோன்றின.

பின்னணி

லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் கருவை மட்டுமே குறிக்கும் பெயர். திரையில் காணும் சாளரங்கள், பட்டிகள், படவுருக்கள் ஆகியவற்றைத் தருவது பணிச்சூழல் எனப்படும் தனி மென்பொருள் தொகுதி. கேடிஈ பணிச்சூழலை மத்தியாஸ் எட்ரிக் 1996இல் தொடங்கினார். மிகேல் தெ இகாசா, பெதெரிகோ மேனா ஆகியோர் 1997இல் க்னோம் திட்டத்தைத் தொடங்கினர்.

க்னோம் 2 பதிப்பு 2002 ஜூனில் வெளியானது. மேலே ஒரு பட்டை, அதில் பயன்பாடுகளுக்கான பட்டி. கீழே ஒரு பட்டை, அதில் திறந்திருக்கும் சாளரங்களின் வரிசை. இந்த எளிய அமைப்பு ஏறத்தாழ 9 ஆண்டுகள் பெரிதாக மாறாமல் இருந்தது. 2004இல் தொடங்கிய உபுண்டுவும் இதையே ஏற்றுக்கொண்டதால் புதிதாக லினக்ஸுக்கு வந்தவர்கள் பலரும் இதிலேயே பழகினர்.

இத்தகைய எதிர்ப்பு அதற்கு முன்பும் எழுந்ததுண்டு. 2008 ஜனவரியில் வெளியான கேடிஈ 4.0 பதிப்பில், முந்தைய பதிப்பின் வசதிகள் பல இல்லை. லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அதைக் கைவிட்டு க்னோமுக்கு மாறினார்.

மாற்றங்கள்

க்னோம் 3இல் கீழ்ப்பட்டை நீக்கப்பட்டது. பயன்பாடுகளைத் திறக்கவும் சாளரங்களுக்கிடையே மாறவும் 'செயல்பாடுகள்' என்னும் தனித் திரைக்குச் செல்ல வேண்டியிருந்தது. சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானும் பெரிதாக்கும் பொத்தானும் தலைப்புப் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டன. கணினியை நிறுத்தும் கட்டளைகூட, ஆல்ட் விசையை அழுத்தினால்தான் பட்டியில் தென்பட்டது. புதிய இடைமுகத்துக்கு முப்பரிமாண வரைகலைத் திறன் தேவைப்பட்டதால் பழைய கணினிகள் பலவற்றில் அது இயங்கவில்லை.

உருவாக்குநர்கள் காரணமின்றி இவற்றைச் செய்யவில்லை. க்னோம் 2இன் அடிப்படை நிரல்கள் பழையனவாகிப் பராமரிக்கக் கடினமாகியிருந்தன. சிறுதிரை மடிக்கணினிகளும் தொடுதிரைக் கருவிகளும் பரவிவந்தன. கவனம் சிதறாமல் ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்ய உதவும் திரை வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். ஆனால் பெரிய திரையில் பல சாளரங்களைத் திறந்து வைத்து வேலை செய்வோருக்கு, முன்பு ஒரு சொடுக்கில் முடிந்தது இப்போது இரண்டு மூன்று படிகளானது.

எதிர்ப்பும் கிளைத் திட்டங்களும்

விரும்பாதவர்கள் பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாமே என்ற கேள்வி எழலாம். நடைமுறையில் அது எளிதாக இல்லை. உபுண்டு 11.10 பதிப்பில் க்னோம் 2 இடம்பெறவில்லை. நீண்டகால ஆதரவு பெற்ற 10.04 பதிப்புக்கும் மேசைக்கணினிகளில் 3 ஆண்டுகளே பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் கிடைத்தன. டோர்வால்ட்ஸ் 2011இல் க்னோமையும் விட்டு எக்ஸ்எஃப்சிஈக்கு மாறினார்.

கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை யாரும் எடுத்துத் தொடரலாம். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஆர்ச் லினக்ஸ் பயனர் ஒருவர் 2011இல் க்னோம் 2இன் நிரலை எடுத்து மாத்தே திட்டத்தைத் தொடங்கினார். தென்னமெரிக்காவில் பருகப்படும் ஒரு மூலிகைப் பானத்தின் பெயர் அது. க்னோம் 3உடன் மோதாமலிருக்க உள்ளுறுப்புகளின் பெயர்களும் மாற்றப்பட்டன. நாட்டிலஸ் என்ற கோப்பு மேலாளர் காகா ஆனது. லினக்ஸ் மின்ட் குழுவோ வேறு வழியில் சென்றது. கிளமென்ட் லெஃபெவ்ரின் தலைமையில், க்னோம் 3இன் புதிய நுட்பத்தின்மீதே பழைய தோற்றத்தை அமைத்துச் சின்னமனை உருவாக்கியது. 2012 மே மாதம் வெளியான மின்ட் 13, மாத்தே, சின்னமன் என இரு பதிப்புகளிலும் கிடைத்தது.

விளைவுகள்

க்னோம் திட்டமும் ஓரளவு இறங்கிவந்தது. கணினியை நிறுத்தும் கட்டளை மீண்டும் வெளிப்படையாக வைக்கப்பட்டது. பயனர்கள் தமக்கு வேண்டிய வசதிகளைச் சேர்த்துக்கொள்ள நீட்சிகள் வழிசெய்தன. 2013 மார்ச்சில் வெளியான 3.8 பதிப்பில், பழைய தோற்றத்தை ஒத்த 'க்னோம் கிளாசிக்' சேர்க்கப்பட்டது. 2014இல் வெளியான ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 அதையே இயல்பிருப்பாகக் கொண்டது. டோர்வால்ட்ஸும் 2013இல் நீட்சிகளின் துணையோடு க்னோமுக்குத் திரும்பினார்.

யூனிட்டியைக் கைவிடுவதாக உபுண்டு நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் 2017 ஏப்ரல் 5 அன்று அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் வந்த உபுண்டு 17.10, க்னோமுக்குத் திரும்பியது. 2010இல் இடப்பக்கத்துக்கு மாற்றப்பட்டு எதிர்ப்பைக் கிளப்பிய சாளரப் பொத்தான்களும், 7 ஆண்டுகளுக்குப்பின் வலப்பக்கத்துக்கே வந்து சேர்ந்தன.

முக்கியத்துவம்

பணம் கொடுத்து வாங்கும் மென்பொருளில் நிறுவனம் ஓர் இடைமுகத்தை நீக்கினால், மூலநிரல் இன்றி அதை மீட்க முடியாது. லினக்ஸ் பயனர்களால் மீட்க முடிந்தது. ஆனால் மீட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. மாத்தே முழுமையாகப் புதிய நிரலகத்துக்கு மாற 2017இன் 1.18 பதிப்புவரை ஆயிற்று. பழையதை அப்படியே வைத்திருக்கவும் ஆண்டுதோறும் யாரோ உழைக்க வேண்டியிருந்தது. நிரல் எழுதத் தெரியாத பெரும்பாலான பயனர்கள் அந்தச் சிலரின் உழைப்பைச் சார்ந்தே தங்கள் பழைய திரையைக் காத்துக்கொண்டனர்.