பிட்ஸ்பர்க் விருத்தாந்தம்: குறுக்கே வந்த பில் நன்

1972 டிசம்பர் 23-ஆம் தேதி, ஆட்டம் முடிய 22 விநாடிகளே இருக்கையில், தரையைத் தொடவிருந்த பந்தை, பிட்ஸ்பர்க்கின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸின் வீரர் ஃபிராங்கோ ஹாரிஸ் ஏந்திக்கொண்டு ஓடிய அற்புதத்தை இவ்வாரம் வர்ணிப்பதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அதற்கு முன்னுரையாக நாலு வரி எழுதலாமென்று தொடங்கிய பில் நன் என்ற மனிதரின் கதை, இந்த இதழ் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

சக் நோல் 1969-இல் ஸ்டீலர்ஸ் அணியின் பயிற்சியாளராகி, முதல் ஆட்டத்தை வென்று அடுத்த 13 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றதும், அப்படியிருந்தும் அணியின் உரிமையாளர்களான ரூனி குடும்பத்தார் அவரை வீட்டுக்கு அனுப்பாததும் வாசகர்கள் அறிந்தவையே. அந்தப் பொறுமையைப் போற்றாதவர் இல்லை. ஆயினும் 1933-இல் 2,500 டாலருக்கு அணியை வாங்கிய பெரியவர் ஆர்ட் ரூனி, அதற்கு முந்தைய 36 ஆண்டுகளும் பொறுமையாகத்தானே இருந்தார்? குதிரைகளை இனங்காணுவதில் மகா நிபுணரான அவரது அணியிலிருந்துதான், 1955-இல் ஜானி யுனைட்டஸ் என்ற இளைஞனை ஒரு முன்னோட்ட ஆட்டத்திலேனும் இறக்கிப் பாராமல் அப்போதைய பயிற்சியாளர் வால்ட் கீஸ்லிங் விலக்கினார்; மூன்றே ஆண்டுகளில் அவ்விளைஞன் பால்டிமோருக்குச் சாம்பியன் பட்டம் பெற்றுத் தந்தான். கீஸ்லிங்கை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, காத்திருந்தால் மட்டும் போதாது. பிறர் பாராத இடத்தில் பார்க்கவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான், கறுப்பின மக்களின் பத்திரிகையான 'பிட்ஸ்பர்க் கூரியரில்' ஆண்டுதோறும் கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த வீரர்களைத் தெரிந்தெடுத்து வெளியிட்டு வந்த பில் நன். அந்தக் கல்லூரிகளை உள்ளூர் அணியே அலட்சியம் செய்கிறது என்று மனம் கசந்திருந்த அவரை, குறை சொல்வதோடு நில்லாமல் வந்து உதவும்படி 1967-இல் அழைத்த பெருமை, பெரியவரின் புதல்வர் டான் ரூனியைச் சேரும்.

அலபாமாவில் ஜான் ஸ்டால்வொர்த் என்ற கறுப்பினக் கல்லூரி வீரனின் ஓட்டத்தை அளந்த நாளில் மைதானம் ஈரமாயிருந்ததென்றும், மற்ற அணிகளின் ஆட்கள் சுமாரான நேரத்தைக் குறித்துக்கொண்டு புறப்பட்டுவிட, நன் மட்டும் உடம்பு சரியில்லையென்று சாக்குச் சொல்லித் தங்கி, காய்ந்த தரையில் மீண்டும் ஓடவிட்டு அளந்தாரென்றும் சொல்வார்கள். அந்த வீரனை, அணிகள் சுற்றுமுறையில் கல்லூரி வீரர்களைத் தெரிந்தெடுக்கும் 1974 தேர்வின் முதற்சுற்றிலேயே கொத்திக்கொள்ளத் துடித்தார் நோல். மற்ற அணிகள் அவனை இன்னும் அறியவில்லை, ஆறப்போடலாம் என்று உடனிருந்தவர்கள் தடுத்தார்கள். முதற்சுற்றில் ஸ்வான், இரண்டாவதில் லாம்பர்ட். மூன்றாவதிலோ அணிக்குத் தேர்வுரிமையே இல்லை. அந்தச் சுற்று முழுவதும் கையைக் கட்டிக்கொண்டிருந்து, நான்காவதில் ஸ்டால்வொர்த்தைப் பெற்றார்கள், ஐந்தாவதில் வெப்ஸ்டர். நால்வருமே பிற்காலத்தில் புகழ்மண்டபம் ஏறினார்கள். நன்னுக்கோ அந்தக் கௌரவம், அவர் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, 2021-இல்தான் கிட்டியது.

ஹாரிஸ் பிடித்த பந்து அதிர்ஷ்டம் என்பாரும் உண்டு; அது அடுத்த வாரத்து விவகாரம். ஆனால் ஸ்டீலர்ஸ் பெற்றதுபோல் ஆறு பருவங்களில் நான்கு முறை சாம்பியன் பட்டம் பெறுவதற்கு, அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பியிருந்த அணி எதுவும் நானறிந்த சரித்திரத்தில் இல்லை.