கல்லில் இல்லாத பெயர்கள்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. வீரசோழன் என்னும் ஆதுலர்சாலையை அது கணக்கோடு நமக்குக் காட்டுகிறது. வேதம் பயின்ற மாணவரும் கோயில் பணியாளரும் நோயுற்றால் தங்க 15 படுக்கைகள்; மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன்; அறுவை மருத்துவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள், நாவிதர்; அவர்களுக்குரிய நெல்; ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகள்.

நோயாளி ஒருவரின் பெயர்கூட இல்லை. இதை அந்தரங்கம் பேணும் கொள்கை என்று நாம் கொண்டாடலாகாது; அறக்கட்டளைக் கணக்கிற்கு அப்பெயர் தேவைப்படவில்லை, அவ்வளவே. எனினும் அங்கே கணக்கில் நிற்பவர் மருத்துவம் அளிப்போர்; பெறுவோர் அல்லர்.

இன்றைய மருத்துவப் பதிவேடோ நோயாளியின் பெயரில்தான் தொடங்குகிறது. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் ஆய்வு மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். அதன்பின் பலருக்கு, நோயினும் கொடியதாயிற்று பெயர் வெளிப்படுதல். ஒப்புதலின்றி அதை வெளியிடுவதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் 2017இல்தான் இயற்றப்பட்டது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

பிற நோய்களுக்கு? உடல்நலத் தரவுகளுக்கென 2018இல் எழுதப்பட்ட வரைவு சட்டமாகவில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிவகையாகப் பிரித்துக் காக்கவுமில்லை. அச்சட்டத்தில் காசநோய் உற்றவரின் பெயர், கடைக்கணக்கில் உள்ள பெயரோடு ஒரே வரிசையில் நிற்கிறது. அவ்வரிசையைப் பிரிப்பதே நாம் சட்டத்திடம் கேட்கவேண்டியது.