எழுபத்திரண்டில் ஒரு பங்கு

தில்லியில் நாங்கள் வசிக்கும் சர்க்கார் குடியிருப்பின் மேல்மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அவ்வீட்டுப் பையன் விடுமுறை வந்துவிட்டால் ஆகாய விமானம் கட்டத் தொடங்கிவிடுவான். பெட்டியில் அடைத்து விற்கும் பிளாஸ்டிக் துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பசையிட்டு ஒட்டி, வர்ணம் பூசி, உள்ளங்கையில் அடங்கும் போர் விமானம் ஒன்றை அவன் உருவாக்கும் பொறுமையைக் கண்டு நான் வியந்ததுண்டு. சென்ற கோடையில் ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“மாமா, இதில் 1:72 என்று போட்டிருக்கிறது. நூறில் ஒன்று, ஐம்பதில் ஒன்று என்று வைத்திருந்தால் கணக்கு எளிதாக இருக்குமே! ஏன் எழுபத்திரண்டு?”

நான் கலைப் பட்டதாரி, பிழைப்பு மொழிபெயர்ப்பு. விமானத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை. ஆயினும் அக்கேள்வி என்னை விடவில்லை. அதைத் தொடர்ந்து சென்றபோது, விளையாட்டுச் சாமான் என்று நாம் ஒதுக்கிவிடும் இந்தப் பொருளுக்குப் பின்னால் பல உயிர்களின் கணக்கு இருப்பதை அறிந்தேன்.

எழுபத்திரண்டின் இரகசியம் மிக எளியது. மீட்டர் கணக்கில் வளர்ந்த பையனுக்கு அது விளங்காமற் போனதில் வியப்பில்லை. ஆறடி உயர மனிதனை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் வருவது எழுபத்திரண்டில் ஒரு பங்கு. 1932ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்ற பெயரில் மரத்தாலான விமானத் தொகுப்புகள் விற்பனைக்கு வந்தன. அவற்றை அமைத்த ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் என்பவர் இந்த அளவையே கைக்கொண்டார். எல்லா விமானங்களும் ஒரே அளவுவீதத்தில் இருந்தால்தான் ஒன்றின் பருமனை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அதற்கு முன் வந்த பொம்மை விமானங்களில் பெரியதும் சிறியதும் ஒரே பெட்டிக்குள் அடங்குமாறு செய்யப்பட்டன, ஒப்பிட வழியில்லை. 1936இல் ‘ஃப்ராக் பெங்குவின்’ என்ற வரிசை இதே அளவில், செல்லுலோஸ் அஸிடேட் என்ற பிளாஸ்டிக்கில் வெளிவந்தது. அதுவரை இது சிறுவர்களின் பொழுதுபோக்கு; அவ்வளவுதான்.

1939ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனிமீது யுத்தப் பிரகடனம் செய்தது. மூன்று நாட்கள் கழிந்தன. 6ஆம் தேதி காலை, பகை விமானங்கள் வருவதாக ஒரு தவறான எச்சரிக்கை எழுந்தது. வடக்கு வீல்ட் தளத்திலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் மேலே கிளம்பின. ஹார்ன்சர்ச் தளத்திலிருந்து கிளம்பிய ஸ்பிட்பயர் விமானங்கள் அவற்றைக் கண்டன. ஜெர்மானியர் என்று எண்ணிச் சுட்டன. இரண்டு ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. இளம் விமானி ஒருவர் மாண்டார். அன்று வானத்தில் ஜெர்மானிய விமானம் ஒன்றுகூட இல்லை! சுட்ட விமானிகள் இருவரையும் இராணுவ நீதிமன்றம் விசாரித்துக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. இந்நிகழ்ச்சியை ‘பார்க்கிங் க்ரீக் சண்டை’ என்று கசப்பான நகைச்சுவையோடு ஆங்கிலேயர் குறிப்பிடுவர்.

வானத்தில் ஓர் இரைச்சல் கேட்டால் ‘நம்முடையதா, அவனுடையதா?’ என்று கேட்பது அக்காலத்து மக்களின் இயல்பாகிவிட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் தாக்குவர் என்ற அச்சத்தில் சென்னை நகரம் காலியானபோது, மூட்டை முடிச்சுகளுடன் கிராமத்துக்குப் போனவர்களில் என் பாட்டியும் ஒருவர். வழி நெடுக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனதாக அவர் சொல்வார். அண்ணாந்து பார்ப்பவர் கையில் துப்பாக்கி இல்லாதவரையில் கேள்விக்குத் தவறான விடை கண்டாலும் தீங்கில்லை. பீரங்கியருகே நிற்பவனுக்கோ விடை காண இரண்டு மூன்று வினாடிகளே உண்டு.

விடை காணக் கற்பிப்பது எப்படி? முதலில் சொற்களால் கற்பித்தார்கள். சிறகு, எஞ்சின், உடல், வால் என்று நான்கு உறுப்புகளை வரிசையாக நோக்கி, ஒவ்வொன்றின் இலட்சணத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும். என் தொழிலை வைத்துச் சொல்கிறேன்: சொல்லுக்கு இங்கே ஓர் எல்லை உண்டு. ‘தாழ்ந்து பொருத்திய சிறகு, ஒற்றை எஞ்சின், ஒடுங்கிய உடல்’ என்று எழுதினால் ஸ்பிட்பயரும் அதற்குப் பொருந்தும், அதன் பரம வைரியாகிய மெஸ்ஸர்ஷ்மிட்டும் பொருந்தும். படம் சற்று மேல். ஆனால் படம் ஒரு பக்கத்தையே காட்டும். வானத்து விமானமோ புரளும், சாயும், நேரே நம்மை நோக்கி வரும். எந்தக் கோணத்திலும் திருப்பிப் பார்க்கக் கூடிய பொருள் ஒன்று வேண்டும். ஸ்கைபேர்ட்ஸ் பழக்கிவிட்ட எழுபத்திரண்டு இங்கேதான் யுத்தத்துக்குள் புகுந்தது.

1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்கக் கடற்படை தன் நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பதினாயிரம், ஆக 5 இலட்சம் மாதிரிகள், யாவும் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், மரத்தில் செய்து தர வேண்டும் என்பதே அது. கடற்படை மந்திரி ஃப்ராங்க் நாக்ஸ் விடுத்த இவ்வழைப்பை நாட்டின் கல்வி அலுவலகம் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது. வரைபடங்கள் வந்தன. தச்சு வேலை கற்பிக்கும் உபாத்தியாயர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் மென்மரக் கட்டைகளை மெல்லிய வாளால் அறுத்து, உளியால் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்தனர். வரைபடத்தோடு வந்த வடிவங்களை அட்டையில் வெட்டி, உடலின் ஒவ்வோர் இடத்திலும் வைத்துப் பார்த்தனர். அட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்த மாதிரி தேறாது.

இந்தக் கண்டிப்பு வீண் பிடிவாதமன்று. ஸ்பிட்பயரின் சிறகு, முனைக்கு முனை 36 அடி 10 அங்குலம். மாதிரியில் அது ஆறு அங்குலத்துக்குச் சற்று மேல். அதில் அரைக்கால் அங்குலம் பிசகினால் உண்மை விமானத்தில் ஒன்பது அங்குலம் பிசகியதாகும். சிறகு முனையின் வளைவில் ஒன்பது அங்குலம் என்பது ஒரு விமானத்தை மற்றொரு விமானமாக்கிவிடப் போதுமானது. பிசகிய மாதிரியைப் பார்த்துப் பயின்றவன் பிசகையும் சேர்த்தே கற்பான்.

பயிற்சி முறையும் கணக்குக்கு உட்பட்டதே. மாதிரியை 35 அடிக்கு அப்பால் பிடித்துக்கொண்டு, பீரங்கியின் குறிவளையத்தின் வழியே பார்க்கச் செய்வார்கள். 35ஐ 72ஆல் பெருக்கினால் 2,520 அடி. ஏறக்குறைய அரை மைல். அரை மைல் தொலைவில் வரும் உண்மை விமானம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றுமோ அவ்வளவே இதுவும் தோன்றும். ஒரு வகுப்பறைக்குள் அரை மைல் ஆகாயத்தை அடைத்துவிட்டார்கள் எனலாம்.

இம்மாதிரிகளில் விமானியும் இல்லை, சக்கரமும் இல்லை, கண்ணாடிக் கூண்டும் இல்லை. முழுவதும் கரிய வர்ணம் பூசப்பட்டது. உயரத்தில் பறக்கும் விமானம் நிழலுருவாகவே தெரியும். ஆகவே நிழலுருவே போதும், மற்றவை கவனத்தைச் சிதறடிக்கும் என்று கருதினார்கள். இன்று இக்கலையில் ஈடுபட்டோர் ஆணித் தலைகளையும், எஞ்சின் புகை படிந்த கறையையும், விமானியின் இருக்கைப் பட்டையையும்கூட உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தீட்டுகிறார்கள். அதற்கு வேண்டிய கைத்திறன் பெரிது. எனினும் பள்ளி மாணவன் செதுக்கிய அந்தக் கரிக்கட்டையே எனக்கு அதிக மரியாதைக்குரியதாகத் தோன்றுகிறது.

செய்து கொடுத்த மாணவர்களுக்குக் கடற்படை கௌரவப் பதவிப் பெயர் பொறித்த சான்றிதழ்களை வழங்கியது. விரைவிலேயே தொழிற்சாலைகளும் இவ்வேலையில் புகுந்தன. சிகாகோ நகரத்து க்ரூவர் நிறுவனம் செல்லுலோஸ் அஸிடேட்டில் அச்சு வார்த்துக் குவித்தது. அவற்றில் எஞ்சியவற்றை இன்று சேகரிப்போர் உண்டு. அந்தப் பிளாஸ்டிக் காலப்போக்கில் முறுக்கிக்கொள்வதால் பல மாதிரிகளின் சிறகுகள் வாடிய இலைபோல் வளைந்திருக்கின்றன. டாங்கிகளை அடையாளம் காணவும் தரைப்படையினருக்கு இவ்வாறே சிறு மாதிரிகள் செய்யப்பட்டன. ஜெர்மனியிலும் வீக்கிங் நிறுவனம் இருநூறில் ஒரு பங்கு அளவில் விமானங்களைச் செய்தது. இரு தரப்பும் ஒன்றையொன்று பொம்மை வைத்துப் படித்தன!

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் ரென்ஷா என்ற உளவியல் பேராசிரியர், உறுப்பு உறுப்பாகப் பார்ப்பதே தவறு என்றார். தெரிந்த முகத்தை மூக்கு, காது என்று பிரித்தா அறிகிறோம்? பார்த்த மாத்திரத்தில் அறிகிறோமல்லவா? எனவே விமானத்தின் உருவத்தைத் திரையில் ஒரு வினாடியின் சிறு பின்னமளவே மின்னவிட்டு, முழுமையாக ஒரே நோக்கில் அறியப் பழக்கினார். கடற்படை அம்முறையையும் ஏற்றது.

இத்தனை பயிற்சிக்கும் தப்பிய இரவு ஒன்று உண்டு. 1943 ஜூலை 11ஆம் தேதி இரவு, சிஸிலித் தீவில் இறங்கியிருந்த அமெரிக்கப் படைக்குத் துணையாகப் பாரசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு 144 விமானங்கள் வந்தன. அன்று பகலெல்லாம் ஜெர்மானிய விமானங்கள் கடற்கரையையும் கப்பல்களையும் தாக்கியிருந்தன. பீரங்கிக்காரர்களின் நரம்புகள் முறுக்கேறியிருந்தன. முதலில் வந்த விமானங்கள் தடையின்றிக் கடந்தன. பிறகு எங்கோ ஒரு பீரங்கி வெடித்தது. உடனே கரையிலும் கடலிலும் இருந்த பீரங்கிகள் அத்தனையும் வெடிக்கத் தொடங்கின. 23 விமானங்கள் சொந்தப் படையின் குண்டுகளாலேயே வீழ்ந்தன. இருளில் நிழலுரு தெரிவதில்லை. தெரிந்தாலும், அண்டை வீட்டுக்காரன் சுடும்போது சும்மா நிற்கும் மனம் வாய்ப்பது அரிது. செதுக்கிய கட்டை கண்ணைப் பழக்கும். அச்சத்தை எது பழக்கும்?

எனவே, பார்ப்பவனைத் திருத்துவதோடு நில்லாமல், பார்க்கப்படும் பொருளையே மாற்ற முற்பட்டனர். ஜெர்மானிய ஃபோக்-வுல்ஃப் என்று பலமுறை தவறாகக் கருதப்பட்ட பிரிட்டிஷ் டைபூன் விமானத்தின் அடிச்சிறகில் 1942லேயே கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டப்பட்டிருந்தன. 1944 ஜூனில் நார்மண்டிப் படையெடுப்புக்கு முன், நேச நாட்டு விமானங்களின் உடலிலும் சிறகிலும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு என ஐந்து பட்டைகள் தீட்ட உத்தரவாயிற்று. ஒற்றை எஞ்சின் விமானத்துக்குப் பட்டையின் அகலம் 18 அங்குலம். எழுபத்திரண்டில் ஒரு பங்காக்கினால் சரியாகக் கால் அங்குலம். இரகசியம் வெளியாகாதிருக்கக் கடைசி நாட்களிலேயே வேலை தொடங்கியதால், கையில் கிடைத்த தூரிகையால் அவசர அவசரமாகப் பூசினார்கள். பல விமானங்களில் கோடு கோணிற்று, வர்ணம் வழிந்தது. ஆகவே இன்று அவ்விமானத்தின் மாதிரியைச் செய்பவன் பட்டையை அளவுகோல் வைத்துத் திருத்தமாக இழுத்தால் வரலாற்றுக்குப் பிழை செய்தவனாகிறான்.

நம் நாட்டுப் பக்கமும் இத்தகைய மாற்றம் ஒன்று நேர்ந்தது. பிரிட்டிஷ் விமானச் சின்னமாகிய வட்டத்தின் நடுவே சிவப்புப் பொட்டு இருக்கும். ஜப்பானிய விமானத்திலோ சிவப்பு வட்டமே சின்னம். தொலைவில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் என்ன ஆகும்? 1942இல் இந்தியாவிலும் பர்மா முனையிலும் இருந்த விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பு நீக்கப்பட்டது. நீலமும் வெள்ளையுமே எஞ்சின. அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கரும் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியை அழித்தனர். 1944இல் இம்பால் போரில் அர்ஜன் சிங்கின் தலைமையில் பறந்த இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரனுடைய ஹரிக்கேன்களும் சிவப்பில்லாத சின்னத்துடனேயே பறந்தன.

யுத்தம் முடிந்ததும் பழகிய அளவு பழகியபடியே நின்றது. 1953இல் இங்கிலாந்தின் ஏர்பிக்ஸ் நிறுவனம் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் ஸ்பிட்பயரைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. சிறுவர்கள் கைச்செலவுக் காசில் அதை வாங்க முடிந்தது. டாங்கிகளின் கதை வேறு. ஜப்பானில் ஷிஸுவோக்கா நகரத்து டாமியா நிறுவனம், மரம் அறுக்கும் தொழிலிலிருந்து மாதிரித் தொழிலுக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் அது வெளியிட்ட ஜெர்மானியப் ‘பாந்தர்’ டாங்கிக்குள் மோட்டாரும் மின்கலங்களும் அடங்க வேண்டியிருந்ததால் அளவு முப்பத்தைந்தில் ஒரு பங்காயிற்று. உலகெங்கும் இன்று டாங்கி மாதிரிகளுக்குப் பெருவழக்காக உள்ள அளவு, ஒரு பாட்டரியின் பருமனால் பிறந்தது என்பது வேடிக்கைதான்.

இவையெல்லாம் தெரிந்துகொண்டு நான் மேல்மாடிக்குச் சென்ற அன்று பையன் ஹரிக்கேன் ஒன்றை முடித்துக்கொண்டிருந்தான். பர்மா முனையில் பறந்த விமானமாக அதைச் செய்ய வேண்டுமென்பது அவன் ஆசை. நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னத்தாள் கிழிந்துவிட்டதால் வட்டங்களைத் தானே தீட்டியிருந்தான். நடுவில் பளிச்சென்று சிவப்பு.

“எந்த வருஷத்து விமானம்?” என்று கேட்டேன்.

“1944, மாமா. இம்பால்.”

சிவப்புப் பொட்டின் கதையைச் சொன்னேன். சற்று நேரம் விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுந்து சாளரத்தருகே போய், கையை நீட்டி அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டான். பிறகு ஒன்றும் சொல்லாமல் உப்புத்தாளில் ஒரு நுனியைக் கிழித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.