கவுண்டர்

டிக்கெட் வாங்க நாம் நிற்கும் கவுண்டரும், கணினிச் செயலிக்குள் இருக்கும் பெர்ஃபார்மன்ஸ் கவுண்டரும் ஒரே வேரில் பிறந்தவை. லத்தீனில் ‘கம்ப்யூட்டாரே’ என்றால் கணக்கிடுதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது காசு எண்ணும் மேசையும் கவுண்டர் ஆயிற்று, எண்ணும் கருவியும் கவுண்டர் ஆயிற்று. கம்ப்யூட்டருக்கும் அதே வேர்தான்.

செயலியில் கவுண்டர் என்பது ஒரு பதிவகம். கடிகாரத் துடிப்பு, முடிந்த கட்டளைகள், கேஷ் என்னும் விரைவு நினைவகத்தில் கிடைக்காமல் போன தரவு போன்றவற்றை வன்பொருளே எண்ணிக்கொண்டு போகும். 1993இல் வந்த பென்டியம் செயலியில் இப்படி இரண்டு இருந்தன. ஆனால் எதை எண்ணுவது என்று அமைக்கும் உரிமை சாதாரண நிரலுக்கு இல்லை. அது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் கையில். ஒரு நிரலை நிறுத்தி இன்னொன்றை ஓட்டும்போது பழைய எண்ணிக்கையைக் கெர்னல் எடுத்துவைக்க வேண்டும். தவறினால் ஒருவர் செலவு மற்றவர் கணக்கில் ஏறிவிடும். கவுண்டர் நிரம்பி வழியும்போது எழும் குறுக்கீடு இன்னும் அருமையான வசதி: அந்தக் கணத்தில் எந்தக் கட்டளை ஓடியது என்று குறித்துக்கொண்டே போனால், நேரத்தைத் தின்னும் இடம் அகப்படும்.

லினக்ஸ் கெர்னலில் இந்தக் கவுண்டர்களைப் பயன்படுத்தும் வசதி 2009இல், 2.6.31 பதிப்பில், ‘பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர்ஸ்’ என்ற பெயரில் சேர்ந்தது. அடுத்த பதிப்பிலேயே ‘பெர்ஃபார்மன்ஸ் ஈவென்ட்ஸ்’ என மாற்றினார்கள். சரியான மாற்றம். பக்கப் பிழை போன்ற மென்பொருள் நிகழ்வுகளையும் அதே இடைமுகம் எண்ணுகிறது. பதிவகத்தின் பெயர் அதற்குப் போதாது.