மீதொட்டமுல்ல குப்பைமேடு

கொழும்பை அடுத்த கொலன்னாவையில் இருந்த திறந்தவெளிக் குப்பைமேடு. கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் புளூமெண்டல் மேட்டை மூட உயர் நீதிமன்றம் 2009இல் உத்தரவிட்டதும், மாநகரக் குப்பை இங்கே திரும்பியது. தற்காலிக ஏற்பாடு என்றார்கள். எட்டு ஆண்டு நீடித்தது. கொழும்பின் கொம்பனித்தெரு, வெள்ளவத்தை வீடுகளின் வாளிகளில் சேர்ந்ததும் மாநகரக் குப்பைதான். நாற்றத்தைச் சுமந்தவர்களோ மேட்டடிவாரத்து ஏழைக் குடும்பங்கள்.

கொழும்புக் குப்பையில் பெரும்பகுதி சமையலறைக் கழிவு, ஈரம் மிக்கது. தரம்பிரிக்காமல் கொட்டினால் உள்ளே காற்றின்றி அழுகி மீதேன் வாயு உண்டாகும். மழைநீர் ஊறிக் கறுத்த சாறாக நிலத்தடி நீரில் கலக்கும். அடியில் தளர்ந்த சதுப்புநிலம், மேலே சுருக்கப்படாத குவியல். குடியிருப்பாளர்கள் பலமுறை போராடியும் கொட்டுவது நிற்கவில்லை. பின்னர் நேர்ந்த சரிவை இயற்கைப் பேரிடர் என்பது பொருந்தாது.

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் மேடு சரிந்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பல வீடுகள் புதைந்தன. அதன்பின் இங்கு கொட்டுவது நிறுத்தப்பட்டது. குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 10 மெகாவாட் நிலையம் கெரவலப்பிட்டியில் 2021இல் திறக்கப்பட்டது.