இத்தாலியில் சிறப்புத் தேவை உடைய மாணவர்களும் பொது வகுப்பறையும்

சிறப்புத் தேவை உடைய மாணவர்களுக்கான தனி வகுப்புகளைச் சட்டத்தின் மூலம் ஒழித்த நாடுகளுள் இத்தாலி முன்னோடியாகும். 1960களில் அங்கு சிறப்புப் பள்ளிகள் தவிர, பொதுப் பள்ளிகளுக்குள்ளேயே பின்தங்கிய மாணவர்களுக்கான தனி வகுப்புகளும் இயங்கின. குறைபாடு உடையவர்கள் மட்டும் அவற்றில் இருக்கவில்லை. வேலை தேடித் தெற்கிலிருந்து வடக்கின் தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்த ஏழைகளின் பிள்ளைகள் பலரும் அங்கே ஒதுக்கப்பட்டனர். எதிர்ப்பு வலுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1971ஆம் ஆண்டின் 118ஆம் எண் சட்டம், மிகக் கடுமையான குறைபாடு உடையவர்களைத் தவிர மற்றவர்கள் கட்டாயக் கல்வியைப் பொது வகுப்பிலேயே பெற வேண்டும் என்றது. ஆனால் ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை. வகுப்பறையிலும் எதுவும் மாறவில்லை. பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். இக்காலத்தை இத்தாலியர் 'காட்டுத்தனமான சேர்க்கை' என்றே குறிப்பிடுகின்றனர்.

பிராங்கா ஃபல்கூச்சி தலைமையிலான குழு 1975இல் அளித்த அறிக்கை, குழந்தையைப் பள்ளிக்கு ஏற்ப மாற்றுவதை விடுத்துப் பள்ளியின் அமைப்பையே மாற்ற வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தது. அதைத் தொடர்ந்து 1977 ஆகஸ்டு 4 அன்று 517ஆம் எண் சட்டம் வந்தது. தனி வகுப்புகள் நீக்கப்பட்டன. குறைபாடு உடைய மாணவர் இருக்கும் வகுப்பில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என வரம்பு விதிக்கப்பட்டது. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக எழுத்து வடிவ மதிப்பீடு வந்தது. இது எல்லா மாணவர்களுக்கும் பொதுவானது. வெவ்வேறு வகுப்பு மாணவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்துக் கற்பிக்கவும் வழி பிறந்தது. சிறப்புப் பயிற்சி பெற்ற 'ஆதரவு ஆசிரியர்' வகுப்பறைக்குள் வந்ததும் இச்சட்டத்தால்தான்.

உயர்நிலைப் பள்ளிக் கதவு திறக்க மேலும் பத்தாண்டுகள் ஆயின. அங்கே சேர்வது 'எளிதாக்கப்படும்' என்று மட்டுமே 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூறியிருந்தது. 1987இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தனது 215ஆம் எண் தீர்ப்பில் அச்சொல்லை நீக்கி, 'உறுதி செய்யப்படுகிறது' என மாற்றியது. ஒரு சொல் மாற்றம்தான். ஆனால் சலுகை உரிமையாயிற்று.

ஆதரவு ஆசிரியர் யாருடைய ஆசிரியர் என்பதே நீண்ட காலச் சிக்கல். குறிப்பிட்ட மாணவரை அவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் பாட ஆசிரியர் மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவதும், இருவரும் வேறோர் அறைக்கு அனுப்பப்படுவதும் நடந்தன. ஒரே கட்டடத்துக்குள் பழைய தனி வகுப்பு வேறு பெயரில் திரும்பியது போன்ற நிலை அது. 1992ஆம் ஆண்டின் 104ஆம் எண் சட்டம், ஆதரவு ஆசிரியரும் அந்த வகுப்பு முழுமைக்கும் பொறுப்புள்ள ஆசிரியரே எனத் தெளிவாக்கியது. ஆயினும் மாணவரை வெளியே அனுப்பும் வழக்கம் முற்றிலும் மறையவில்லை. 20 பேர் என்ற வரம்பும் 2009ஆம் ஆண்டு ஆணையில் 'வழக்கமாக' என்ற சொல்லுடனேயே இடம்பெற்றது. அதனால் அதற்கு மேற்பட்ட மாணவர்களுடனும் இத்தகைய வகுப்புகளை அமைக்க இடம் ஏற்பட்டது.